பாலையைத் தவிர்க்கும் நடை

காடு, ஈரநிலம், கடற்கரை மூன்றையும் ஒரே பயணத்தில் காட்டிவிடும் 'இயற்கை நடை' இன்று உயர்கல்வி நிறுவனங்களின் பருவ விழாவாகிவிட்டது. மார்கழி பிறந்தால் அறிவிப்பு வருகிறது. தொப்பி, தண்ணீர்ப் புட்டி, பதாகை, பறவைகளின் பெயர்ப்பட்டியல், திரும்பி வந்ததும் ஐந்து பக்க அறிக்கை, நிறைவில் குழுப்படம். துறைத்தலைவரின் கையொப்பத்தோடு அது 'களஆய்வு' என்ற பெயரில் மதிப்பெண்ணாகவும் மாறிவிடுகிறது. இதில் தீங்கென்ன என்று கேட்பவர் உண்டு. மாணவர் நாலு மரத்தைப் பார்க்கிறார், நாலு நாரையைப் பார்க்கிறார், காலை அலை நனைக்கிறது, இதற்குமா எதிர்ப்பு?

எதிர்ப்பு, பார்த்தவற்றின்மேல் அன்று. எவற்றைப் பாராமல் வருவதற்கு இந்த நடை பழக்குகிறது என்பதே கேள்வி.

ஆந்திர எல்லையிலுள்ள பலமனேரில் தொடங்கும் பயணம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதல்நாள் காலை பலமனேர்–குப்பம் சாலையிலுள்ள கைகல் அருவியும் அதை அடுத்த கவுண்டன்யா சரணாலயக் காட்டோரமும். மறுநாள் காலை வேடந்தாங்கல். அன்று மாலை சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரை. நடை என்று பெயர். காலால் நடப்பது ஐந்தாறு கிலோமீட்டர், பேருந்தில் கழிவது இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த இருநூறு கிலோமீட்டரும் உறங்குவதற்கும் பாட்டுப் பாடுவதற்கும் உரியவை. அறிக்கையில் அவற்றுக்கு ஒரு வரி கிடைக்கும்: 'அங்கிருந்து புறப்பட்டு' என்று.

அந்த ஒரு வரிக்குள்தான் ஓர் ஆறு கிடக்கிறது. பலமனேர் வட்டாரத்து மலைகளில் சேரும் நீர் கவுண்டன்யா நதியாகிறது. சரணாலயத்துக்குப் பெயர் கொடுத்ததும் அதுவே. அது மலையிறங்கித் தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்து மோர்தானா அணையில் தேங்கி, குடியாத்தம் நகரின் நடுவே சென்று, கீழே பாலாற்றில் கலக்கிறது. பாலாறு வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகியவற்றை ஒட்டி ஓடி, வாயலூருக்கு அருகில் கடலைத் தொடுகிறது. வழியெங்கும் அதன் இருபுறமும் ஏரிகள். ஆக, காட்டிலிருந்து ஈரநிலங்கள் வழியாகக் கடற்கரைக்குச் செல்லும் நடை ஒன்று முன்னமே உண்டு. அதை நடப்பது நீர். களப்பயணம் அந்த நடையின் தலையையும் வாலையும் இடையில் ஒரு துண்டையும் வெட்டியெடுத்துக்கொண்டு, உடலைச் சாலையோரம் விட்டுவிட்டுப் போகிறது.

விடுபடும் உடல் சிறியதன்று. நந்தி மலையில் பிறக்கும் பாலாறு கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என மொத்தம் 348 கிலோமீட்டர் செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அந்த 222 கிலோமீட்டர் வெறும் மணல்; பல இடங்களில் மணலும் இல்லை. ஆற்றுக்காக மாநிலங்கள் வழக்காடுகின்றன. குப்பம் அருகே கணேசபுரத்தில் ஆந்திரம் அணை கட்ட முனைந்தபோது 2006இல் தமிழ்நாடு உச்சநீதிமன்றம் சென்றது. 2016இல் புல்லூர்த் தடுப்பணை 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தப்பட்டபோது மீண்டும் சென்றது. இவ்வழக்குகளில் தமிழ்நாடு சுட்டும் ஆவணம் 1892இல் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் செய்துகொண்ட உடன்பாடு. அந்த ஆண்டில் பலமனேரும் குப்பமும் வட ஆர்க்காடு மாவட்டத்தில், சென்னை மாகாணத்துக்குள் இருந்தன என்பதை இரு தரப்பினரின் மேடைப்பேச்சும் வசதியாக மறந்துவிடும். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தது. 1953இல் அது ஆந்திரத்தோடு சென்றது. ஒரே மாவட்டத்து நீர் இரு மாநிலத்து நீராகியது. பலமனேர்க் கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் தக்கணி உருதும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருவதை ஓர் அரைமணி நேரம் நின்று கேட்டாலே இந்த வரலாற்றின் பாதி புரிந்துவிடும். பேருந்து அங்கே தேநீருக்காகப் பத்து நிமிடம் நிற்கிறது.

இனி, இந்நடைகளுக்குத் தமிழ்த்துறையினர் சூட்டும் திணைப் பெயர்களுக்கு வரலாம். மலைக்காட்டுக்குக் குறிஞ்சி, மேய்ச்சல் காட்டுக்கு முல்லை, ஏரிக்கு மருதம், கடற்கரைக்கு நெய்தல். பதாகையில் அச்சிட அழகாக இருக்கிறது. ஐந்தில் ஒன்று எங்கே என்று கேட்பாரில்லை. பாலைக்கு எந்தப் பேருந்தும் நிற்பதில்லை.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. நான்கு திணைகளுக்கு நிலம் தருகிறது, பாலைக்குத் தனியாக நிலம் தரவில்லை. சிலப்பதிகாரம் அதன் காரணத்தை விளக்குகிறது: முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு கெட்டுத் துயர் தரும் தோற்றம் கொள்ளும்போது அதுவே பாலை. அதாவது பாலை என்பது ஒரு நிலத்துக்கு நேர்ந்த நிலை. அதற்கு ஒரு காரணமும் ஒரு வரலாறும் உண்டு. நிலம் கெடும் என்பதையும், கெட்ட நிலத்தையும் பாடுபொருளாக்க வேண்டும் என்பதையும் தன் இலக்கணத்துக்குள்ளேயே வைத்துக்கொண்ட மரபு இது. அந்த மரபின் பெயரைச் சொல்லிக்கொண்டு, கெடாத நிலத்தை மட்டும் தேடிப் பேருந்து ஓட்டுவது தமிழ்த்துறைக்கு அழகா?

இன்னொன்றும் உண்டு. அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலை. நெய்தலுக்கு 40, மருதத்துக்கு 40, முல்லைக்கு 40, குறிஞ்சிக்கு 80. நெடுந்தொகையைத் தொகுத்தவர் சரிபாதியைப் பாலைக்குத் தந்திருக்கிறார். அந்தப் பாதிதான் நடப்பவர்களின் இலக்கியம்: பொருள் தேடிப் பிரிந்தவன் கடக்கும் சுரம், நீரற்ற பாறை, ஆறலை கள்வர், பசித்த யானை. மாமூலனார் பாடல்களில் அந்த வழி வேங்கடத்தையும் அதன் தலைவன் புல்லியின் நாட்டையும் தாண்டி, வேற்றுமொழி வழங்கும் தேயத்துக்குச் செல்கிறது. வேங்கடத்து யானைகள் அப்பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. பலமனேர் அந்த வேங்கட மலைத்தொடர்களுக்குத் தொலைவில் இல்லை. தமிழில் நடையைப் பற்றிய மிகப்பெரிய கவிதைத் தொகுதி எந்த நிலப்பரப்பை நோக்கி நடந்ததோ, அதே பரப்பில் இன்று நடக்கும் மாணவர் குழு, அந்தக் கவிதை எதைப் பற்றியதோ அதை மட்டும் விட்டுவிட்டு நடக்கிறது.

பாலாற்றின் பாலை எப்படி உண்டாயிற்று என்பது ஒரு பாடவேளையில் சொல்லி முடிக்கக்கூடிய கதையன்று. ஆனால் சொல்லத் தொடங்குவதற்குத் தேவையானதெல்லாம் அந்தச் சாலையோரத்திலேயே கிடக்கிறது. மலைக்காட்டின் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் ஒருகாலத்தில் கீழே வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோல் கிடங்குகளுக்கு உயிர்ச்சரக்கு. தோலைப் பதனிடும் துவர்ப்பு அவற்றிலிருந்து வந்தது. ஆறு நீர் கொடுத்தது. காடும் ஆறும் தோலும் ஒரே பொருளாதாரமாக இருந்தன. 1970களில் மத்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலை ஊக்குவித்தது. அந்நியச் செலாவணிக்கு அது நல்ல கணக்கு. குரோமியப் பதனிடல் பரவியது அதன் பிறகே. பட்டையில் வாரக்கணக்காக ஊறிய வேலை குரோமிய உப்பில் ஒரு நாளைக்குள் அடங்கியது. கழிவும் அதே வேகத்தில் வெளியேறியது. கிணறுகள் உப்புக் கரித்தன, தென்னைகள் குன்றின, நிலத்தை விட்டவர்கள் அதே தொழிற்கூடங்களுக்கே கூலிக்குச் சென்றார்கள்.

சட்டம் படிக்கும் மாணவருக்கு இந்த ஆறு ஒரு கோவில் மாதிரி இருக்க வேண்டும். 'மாசுபடுத்துபவரே ஈடு செலுத்த வேண்டும்', 'முன்னெச்சரிக்கை வேண்டும்' என்னும் இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் சொன்னது, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் பாலாற்றுக்காகத் தொடுத்த வழக்கில். இந்தியாவெங்கும் சட்டக் கல்லூரிகளில் அது மேற்கோளாகிறது. மேற்கோள் வாழ்கிறது, ஆறு வாழவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் இழப்பீட்டையும் ஆற்றின் மீட்பையும் குறித்து மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. இடையே கழிந்த ஏறத்தாழ 28 ஆண்டுகளில் எத்தனை பேருந்துகள் இராணிப்பேட்டையைக் கடந்து வேடந்தாங்கலுக்குப் போயிருக்கும்! அங்கே 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமியத் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு, லட்சம் டன் கணக்கில் குன்றாகக் குவிந்து கிடந்தது. 2015 ஜனவரியின் கடைசி இரவில் சிப்காட் வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டி உடைந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மாண்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து வந்தவர்கள். பொருள்வயின் பிரிவு என்று இலக்கண வகுப்பில் எழுதிப்போடும் சொல்லுக்கு இதைவிட அண்மையான உரை வேண்டுமா?

'நாங்கள் இயற்கையைக் காண வந்தோம், தொழிற்சாலையை அன்று' என்பது இதற்கு வழக்கமான மறுமொழி. சரி, தொழிற்சாலையை விட்டுவிட்டுக் காட்டுக்கே திரும்பலாம்.

கவுண்டன்யா சரணாலயம் 1990 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 357 சதுர கிலோமீட்டர். உசிலும் மூங்கிலும் முள்மரங்களும் நிறைந்த வறள்காடு. பசுமைக் கனவுகளோடு வருபவருக்குச் சற்று ஏமாற்றமே. இதன் பெருமை யானை. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக ஆந்திரத்தில் காட்டுயானை இல்லாதிருந்தது. 1980களில் ஓசூர், தருமபுரிப் பக்கத்துக் காடுகளிலிருந்து கூட்டங்கள் நடந்து வந்தன. வறட்சியும், துண்டுபட்ட காடும், தீவனமின்மையும் அவற்றைத் துரத்தின. பாலைப் பயணம் என்பதற்கு இலக்கண வரையறை எல்லாம் பொருந்தும் நடை அது. வந்த யானைகளுக்காகவே சரணாலயம் அமைந்தது. ஆனால் அந்தக் காடு அகலமற்றது. நீண்டு மெலிந்து, இருபுறமும் வயலோடு உரசிக்கொண்டு கிடக்கிறது. கரும்பு, நெல், வாழை, மா: வேலிக்கு அப்பால் யானை விரும்பும் எல்லாம் உண்டு. அகழி தோண்டினார்கள், பாறை குறுக்கிட்ட இடத்தில் நின்றது. சூரிய மின்வேலி போட்டார்கள். யானை மரக்கிளையால் அதைச் சாய்க்கக் கற்றது. கடன் வாங்கிப் பயிர் வைத்தவன் கம்பியில் நேரடி மின்சாரம் விட்டான், யானை செத்தது. யானை மிதித்து உழவர்களும் செத்தார்கள். இப்போது பலமனேர் அருகே முசலிமடுகில் முகாம் அமைத்து, 2025 மே மாதம் கர்நாடகத்திலிருந்து கும்கிகளை வாங்கி வந்திருக்கிறார்கள். யானையை யானையால் விரட்டும் இந்த ஏற்பாட்டில் புகைப்படத்துக்குரிய அழகு நிறைய இருக்கிறது என்பதால், அது விரைவில் நடைப்பட்டியலில் சேர்ந்துவிடும்.

2023 ஜூன் மாதம் பலமனேர் அருகே நெடுஞ்சாலையைக் கடந்த யானைக் கூட்டத்தின்மேல் லாரி மோதி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு கன்றுகள். அந்த நெடுஞ்சாலை எது? சென்னையையும் பெங்களூரையும் சித்தூர் வழியாக இணைப்பது. களப்பயணப் பேருந்து உறங்கும் மாணவரோடு கடந்து செல்லும் அதே சாலை. கானுயிர்க் காப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்று சொல்லும்போது, பொதுச் சாலை வழியாகக் கடப்பவரை விலக்களித்து அனுமதிக்கிறது. விதி நியாயமானதே, சாலையை மூடிவிட முடியாது. ஆயினும், காட்டுக்குள் ஐந்து கிலோமீட்டர் காலடி வைக்க மூன்று கடிதம் எழுதிய குழு, காட்டின்மேல் தான் சக்கரத்தில் ஏறிச் செல்வதை நடையின் பகுதியாக எண்ணிப் பார்த்ததுண்டா?

அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு இன்னும் சுவையானது. சரணாலயத்துக்குள் செல்ல எந்தெந்த நோக்கங்களுக்கு அனுமதி தரலாம் என்று அது எண்ணிச் சொல்கிறது: கானுயிர் ஆய்வு, ஒளிப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு முறையான அலுவல். ஆய்வாளருக்கும் படம் எடுப்பவருக்கும் சுற்றுலா வருபவருக்கும் வாசல் உண்டு. ஆடு மேய்ப்பவரும் புளியும் கடுக்காயும் பொறுக்கும் கிழவியும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களது தேவைகள் வேறு பிரிவுகளில், கட்டுப்படுத்த வேண்டியவையாக வருகின்றன. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இந்தச் சாய்வை நேராக்க முயன்றது. கிராம சபைக்கு அதிகாரம் தந்தது. அதன்படி ஓர் ஊருக்கு உரிமை கிடைத்ததா, விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் உறங்குகிறது என்று ஒரு மாணவர் ஒரு நாள் விசாரித்தால், பத்துப் பறவைகளின் இலத்தீன் பெயரைவிட அந்தக் காட்டைப் பற்றி மிகுதியாக அறிந்துகொள்வார். நடைபாதை என்று வழிகாட்டி காட்டுவது பெரும்பாலும் கால்நடையும் விறகுச்சுமையும் தேய்த்த தடம். தடத்தை வைத்துக்கொண்டு தடம் பதித்தவரை வெளியேற்றுவதற்கு 'சூழல் சுற்றுலா' என்று பெயர் வைத்தால் அது சூழலியலாகிவிடாது.

வேடந்தாங்கலுக்கும் இதே குற்றச்சாட்டு வேறு வகையில் பொருந்தும். பாலாற்றுக்குத் தெற்கே உள்ள அந்தச் சிற்றேரியை மாணவர் 'இயற்கையின் கொடை' என்று அறிக்கையில் எழுதுகிறார். ஏரி இயற்கையன்று, ஊரார் வெட்டிய பாசன நீர்நிலை. பறவை தங்கியதும் தற்செயலன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் துப்பாக்கிச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் சென்று முறையிட்டு, ஆட்சியர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்புக்கு உறுதி பெற்றார்கள். காரணம் மிகத் தெளிவானது: எச்சம் கலந்த ஏரிநீர் நெல்லுக்கு உரம். கடம்ப மரத்தில் கூடு, அடியில் எருநீர், அதற்குக் கீழே வயல். பட்டாசு வெடிக்காத ஊர் என்று மட்டும் மாணவருக்குச் சொல்லப்படுகிறது. வரப்பில் நின்று வாதாடிய ஊர் என்று சொல்லப்படுவதில்லை. 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. நல்லது. ஆனால் அதே நிலப்பரப்பில், ஏரிக்கு ஏரி நீர் கைமாறும் கால்வாய்கள் தூர்ந்துகொண்டிருக்க, நடுவே ஓர் ஏரிக்கு மட்டும் பன்னாட்டுச் சான்று இருப்பது, சங்கிலி அறுந்தபின் ஒரு கண்ணியைக் கண்ணாடிப் பேழையில் வைப்பது போன்றது. காவேரிப்பாக்கம் ஏரி எங்கே, பாலாற்று அணைக்கட்டிலிருந்து அதற்கு நீர் எவ்வழி வருகிறது, ஆற்றுமணலைக் கீறி ஊற்றுக்கால் எடுத்துப் பாசனம் செய்த முறை எந்த ஊரில் எப்போது நின்றது என்ற கேள்விகளுக்குப் பறவை பார்க்கும் தொலைநோக்கி பயன்படாது. உழவர் வீட்டுத் திண்ணை பயன்படும்.

கடற்கரையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கோட்டையும் அலையும் பொரித்த மீனும் இருக்கின்றன. இன்னும் சற்றுத் தெற்கே சென்றால் வாயலூர். பல்லவ அரசர்களின் நெடிய வம்சவரிசையைச் சொல்லும் இராசசிம்மனின் தூண் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஆறு கடலைச் சேரும் முகமும் அங்கேதான். அணுமின் நிலையமுள்ள கல்பாக்கத்துக்கு நன்னீர் தருவதும் பாலாற்றுப் படுகையே. உப்புநீர் உள்ளேறாமலிருக்க முகத்துவாரத்தில் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். காட்டில் பெய்த மழை கடலைத் தொடுகிறதா இல்லையா என்று ஒரு பயணம் முழுவதற்கும் விடை தரும் இடம் அது. அங்கே போகாமல் அலையைப் படமெடுத்துத் திரும்புவது, முடிவுரையைப் படிக்காமல் ஆய்வேட்டுக்கு மதிப்பெண் போடுவதற்குச் சமம். அப்படியும் நடப்பதுண்டு என்பது வேறு செய்தி.

எதிர்வாதங்கள் மூன்று பொதுவாக எழும். மாணவருக்கு முதலில் இயற்கைமேல் அன்பு பிறக்கட்டும், அரசியல் பிறகு வரட்டும் என்பது ஒன்று. அன்பு வேண்டும்தான். ஆனால் அழகானதன்மேல் மட்டும் அன்பு வைக்கப் பழகிய கண், அழகு கெட்டதைக் காணும்போது முகம் திருப்புகிறது. பாலாற்றுக்கு நேர்ந்தது அதுவே: அதை ஆறு என்று எண்ணுவதையே இரண்டு தலைமுறை விட்டுவிட்டது. வெள்ளம் வந்தால் மட்டும் நினைவு வருகிறது. 1903இல் வாணியம்பாடியைச் சூறையாடியபோதும், 2021 நவம்பரில் மோர்தானா நிரம்பிக் குடியாத்தத்தின் கரையோர வீடுகளில் நீர் புகுந்தபோதும் அது தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

பாதுகாப்பு என்பது இரண்டாவது. இதை எளிதாகத் தள்ள முடியாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களை அரசே வழிகாட்டிகளோடு திறந்தது. பழங்குடி இளைஞர் பலருக்கு அதில் வேலை கிடைத்திருக்கிறது. இதைக் குறைசொல்ல இடமில்லை. கட்டுப்பாடில்லாத கூட்டங்களைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பாதுகாப்பை முன்னிட்டு வகுத்த தடம், பாடத்திட்டத்தை முன்னிட்டு வகுத்த தடமாக மாறிவிடுகிறது. பேரணாம்பட்டுத் தெருவிலும் குடியாத்தத்து ஆற்றங்கரையிலும் நடப்பதற்குத் தீயும் இல்லை, யானையும் இல்லை, அனுமதிச்சீட்டும் வேண்டாம். அங்கே போகாததற்குக் காரணம் அச்சமன்று. அங்கே நாறுகிறது, அவ்வளவே.

மூன்றாவது, இது எந்தத் துறையின் வேலை என்ற கேள்வி. காடு தாவரவியலுக்கு, பறவை விலங்கியலுக்கு, மணல் புவியியலுக்கு, கழிவு வேதியியலுக்கு, வழக்கு சட்டத்துக்கு, வேங்கடம் தமிழுக்கு. ஆற்றை முழுதாக வைத்துக்கொள்ள ஒரு துறையும் இல்லை என்பதால் அது ஒருவருக்கும் உரியதாகவில்லை. ஆற்றோரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் பஞ்சமில்லை. மேலே குப்பத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வளாகத்தில் பயிலப்படும் திராவிடப் பல்கலைக்கழகம், கீழே காட்பாடியை அடுத்துத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் இடையே சைனகுண்டா சோதனைச்சாவடி. இரு மாநில மாணவரும் சேர்ந்து பலமனேரிலிருந்து வாயலூர் வரை, ஊர் ஊராகத் தங்கி, கிணற்றுநீரைச் சுவைத்துப் பார்த்து, இரு மொழியிலும் ஒரே அறிக்கை எழுதினால், மாநிலங்களின் வழக்கறிஞர்கள் இதுவரை எழுதாத ஆவணம் ஒன்று உருவாகும். பதினைந்து நாள் ஆகும். செலவு, பேருந்து வாடகையைவிடக் குறைவு.

எப்போது நடப்பது என்பதையும் மரபே சொல்லி வைத்திருக்கிறது. பாலைக்குத் தொல்காப்பியம் தரும் பொழுது வேனிலும் நண்பகலும். மார்கழிப் பனியில் வேடந்தாங்கல் அழகாக இருக்கிறது. அப்போது பாலாறும் அங்கங்கே ஈரமாக இருந்து ஏமாற்றும். வேனிலில் காட்டுத்தடங்கள் தீ அச்சத்தால் மூடியிருப்பது முறைதான், மூடியே இருக்கட்டும். ஆற்றுப்படுகை திறந்திருக்கிறது. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில், கவுண்டன்யா நதிக்கரையில், கெங்கையம்மன் சிரசு ஏறும். எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் சனம் வந்து, பெரும்பாலான ஆண்டுகளில் காய்ந்து கிடக்கும் அந்த மணலில் ஆயிரக்கணக்கில் நிற்கும். ஆறு எங்கே என்று அவர்களுள் ஒருவரைக் கேட்டால், நிற்கும் இடத்தையே காட்டுவார். முதல்நாள் நடையை அங்கிருந்து தொடங்கலாம்.